நையாண்டிப் பாட்டுக்காரன் குறும்படம்: கடைசி 3 நிமிடத்துக்கு யோசனை வேண்டும்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் நாலு பேர் எடுக்கும் 24 நிமிட நகைச்சுவைக் குறும்படம் முடிவு கிடைக்காமல் நிற்கிறது.

கதை இதுதான். ஊர்க் குறைகளை நையாண்டிப் பாட்டாகக் கட்டுகிறவன், பிழைப்பு ஓடவில்லை. கூப்பிடுகிறவர்களும் "பக்திப் பாட்டா பாடுப்பா" என்கிறார்கள். கடைசியில், அவன் கிண்டலடித்த வட்டிக்கடைக்காரரே மகள் கல்யாணத்தில் பாட அழைக்கிறார். மேடையேறும் முன் கஞ்சிராவின் உள்பக்கத்தை ஈர விரலால் தடவுகிறான், கை நடுங்குகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஷாட் அது. அதற்குப் பிறகுதான் சிக்கல்.

கைதட்டலோடு முடித்துப் பார்த்தோம், செயற்கையாக இருந்தது. பாடாமல் இறங்கிப் போவதாக எடுத்தோம். பார்த்தவர்கள் தோற்றுவிட்டான் என்றார்கள். பிறகு காளமேகப் புலவர் ஞாபகம் வந்தது. நாகைக் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதற்கு வசை பாடிவிட்டு, காத்தான் கெஞ்சியதும் அதே வெண்பாவுக்குப் புகழ்ச்சியாகப் பொருள் சொன்னார் என்பார்களே, அந்தக் கதை. அதே மாதிரி வட்டிக்கடைக்காரருக்குப் புகழாகவும் பந்தியில் இருப்பவர்களுக்கு வசையாகவும் கேட்கும் சிலேடைப் பாட்டை எழுதிவிட்டோம். இது சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன். பாட்டை எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

தேவனாம்பட்டினம் பக்கம் மண்டபம் வரும் ஞாயிறு ஓர் இரவுக்கு மட்டுமே கிடைக்கும். இரண்டு விதமாகவும் எடுக்க நேரம் போதாது.

உள்ளர்த்தம் வட்டிக்கடைக்காரருக்கு உறைக்கும் முகத்தைக் காட்டி முடிக்கலாமா, உறைப்பதற்கு முன்பே வெட்டிவிடலாமா?