ஈ.எஸ்.ஐ. லீவில் இருப்பவரிடம் ராஜினாமா எழுதித் தரச்சொல்கிறார்கள், என்ன செய்வது?

அயோத்தியாப்பட்டணம் அக்கா (மே 2023)

என் வீட்டுக்காரர் சேலம் பக்கம் ஒரு நூல் மில்லில் கார்டிங் (பஞ்சைச் சீவும் மெஷின்) பார்க்கிறார். 2019 ஆயுத பூஜை முடிந்து சேர்ந்தார். இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரம், நைட் ஷிஃப்டில், மெஷினில் சுற்றிய பஞ்சை எடுக்கப்போய் வலது கை விரல்கள் நசுங்கிவிட்டன. ஆபரேஷன் முடிந்தும் டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது. சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன். ஈ.எஸ்.ஐ. டாக்டர் சர்ட்டிபிகேட் தருகிறார், பணம் பேங்கில் ஏறுகிறது.

போன வாரம் மில்லில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் டைப் அடித்த பேப்பர்: "சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன்." இடது கைப் பெருவிரல் வைத்தால் போதுமாம், ஒரு தொகை தருவார்களாம். இல்லாவிட்டால் மில்லே நிறுத்திவிடும், சல்லிக்காசு வராது என்கிறார். இவர் வைத்துவிடலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. லீவில் இருக்கிறவரை நிறுத்த முடியுமா?

பழைய சைடர்

ரேகை வைக்கவே வேண்டாம் தங்கச்சி. மில்லில் சைடராக, அதாவது நூற்கும் மெஷின் பார்ப்பவனாக, வேலை பார்த்து, தொழிற்சங்கத்திலும் இருந்தவன் சொல்கிறேன்.

இந்த 2023-ல் நடப்பில் இருக்கிற 1948 ஈ.எஸ்.ஐ. சட்டம் 73-வது பிரிவு: வேலையில் காயப்பட்டவர் ஈ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊனப் பணம் வாங்கும் காலத்தில் முதலாளி வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. அந்த நேரத்தில் நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது. ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. தொடர்ந்து ஆறு மாதம் அந்தப் பணம் வாங்கிய பிறகு, வேலை நிபந்தனைகள் இடம் கொடுத்தால், முறையான நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம் என்று ஈ.எஸ்.ஐ. விதிகளில் இருக்கிறது. உங்களுக்கு ஜூலையில்தான் ஆறு மாதம் ஆகிறது. இன்றைக்கு அவர்களால் நிறுத்த முடியாது. அதனால்தான் அவரே விலகியதாக எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது வரும் பணிக்கொடை. ஐந்து வருடம் முடிந்தால்தான் அது வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஊனத்தால் வேலை போனால் அந்த ஐந்து வருடக் கணக்கு தேவையில்லை. "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அந்த இரண்டு வார்த்தையைத் தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

பாஸ்புக்கைப் பாருங்கள். வேலையில் நடந்த விபத்து என்று பதிவாகியிருந்தால் கூலியில் 90 சதவீதம் வரும். 70 சதவீதம்தான் வருகிறது என்றால் சாதாரண நோய்க் கணக்கில் போட்டிருக்கிறார்கள். அது வருடத்துக்கு 91 நாளோடு நின்றுவிடும். அப்படியிருந்தால் உடனே ஈ.எஸ்.ஐ. கிளை ஆபீஸில் போய்ச் சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி தறிக்காரர்

சர்ட்டிபிகேட்டில் ஒருநாள்கூட இடைவெளி விழ விடாதீர்கள். ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்து மில்லுக்கு ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்த அத்தாட்சியோடு அனுப்புங்கள். "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று சொல்லித்தான் என் மச்சினனை வெளியே அனுப்பினார்கள். அவனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அயோத்தியாப்பட்டணம் அக்கா

பார்த்தேன் அண்ணா, 90 கணக்குதான் வருகிறது. இவரும் இப்போது ரேகை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் மறுபடி கார்டிங்கில் நிற்க இந்தக் கையால் முடியாதே?

பழைய சைடர்

முடியாதுதான். ஊனமானவரை வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான், தனியார் மில்லுக்கு அது பொருந்தாது. ஆனாலும் குடோன், கேட் மாதிரி வேறு வேலை தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அதற்கேற்ற நிரந்தர ஊனப் பணம் ஆயுசு முழுக்க வரும், மில்லில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மீறி நிறுத்தினால் சேலம் தொழிலாளர் அலுவலகத்தில் 2-ஏ மனு கொடுங்கள். இந்த 2023-ல் நடப்பில் இருக்கிற தொழில் தகராறு சட்டத்தில், வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் தானே கொடுக்கும் மனு அது. 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அந்தச் சட்டப்படி மூன்று வருடத்துக்குள் போய்விட வேண்டும். அந்த டைம் ஆபீஸ்காரர் மறுபடி வந்தால், பேப்பரை போனில் படம் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள் தங்கச்சி.