திருவாதிரை பிரகாசமாயிடுச்சா?

குழு: மொட்டை மாடி வானம்

கார்த்தி: அத்தை, திருவாதிரை நட்சத்திரம் இன்னைக்கு புரோசியான்ங்கற வெள்ளை நட்சத்திரத்தைவிடப் பிரகாசமா இருக்கு! வெடிக்கப் போகுதா??

கவிதா அத்தை: எத்தனை மணிக்குப் பார்த்தே?

கார்த்தி: இப்பதான், 8 மணி

கவிதா அத்தை: இந்நேரம் புரோசியான் கிழக்கே 20 டிகிரிகூட ஏறியிருக்காது. திருவாதிரை அதுக்கு ரெண்டு மடங்கு உயரத்துல நிக்குது. தாழ இருக்கற விண்மீனோட ஒளி கூடுதல் காத்தைக் கடந்து வரணும், அதுலயே அரை மேக்னிட்யூட் (பிரகாசத்தோட அளவு, எண் கூடினா மங்கல்) போயிடும். 0.4 இருக்கற புரோசியான் உனக்கு 0.9 மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.

சேகர் சித்தப்பா: அதோட இன்னைக்கு ஆருத்ரா. மார்கழிப் பௌர்ணமி நிலா திருவாதிரை பக்கத்துலயேதான் இருக்கும். வானம் வெளுத்துக் கிடந்தா சிவப்பு மீன், வெள்ளை மீனைவிட எடுப்பாத் தெரியும். திருவாதிரையை மதிப்பிட வருஷத்துலயே ஆகாத ராத்திரி இது 😄

கார்த்தி: அப்ப எப்பப் பார்க்கறது?

கவிதா அத்தை: ஒரு வாரம் கழிச்சு, ராத்திரி 10.30 வாக்குல. நிலா எழுந்திருக்காது. திருவாதிரை, ஒப்பிட ரோகிணி நட்சத்திரம், புரோசியான் மூணும் 50 டிகிரிக்கு மேல இருக்கும். 15 நிமிஷம் இருட்டுல நின்னுட்டு ஆரம்பி. சிவப்பு மீனை உத்துப் பார்க்காதே, பார்க்கப் பார்க்கப் பிரகாசம் ஏறற மாதிரி தோணும். ஒரு வினாடி, அடுத்த மீனுக்குப் போயிடு.

சேகர் சித்தப்பா: புரோசியான் 0.4, ரோகிணி 0.9. நடுவுல 5 பங்கு. திருவாதிரை புரோசியான்ல இருந்து 2 பங்கு மங்கலா இருந்தா 0.6. எண் ஏறினா ஒளி குறையுதுன்னு ஞாபகம் வச்சுக்கோ. ரோகிணியும் சிவப்புங்கறது இங்க வசதி, கண் ஏமாறுறது ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

கார்த்தி: ரோகிணியும் வெடிக்குமா?

சேகர் சித்தப்பா: வெடிக்காது. அது சூரியனைவிடக் கொஞ்சம்தான் கனம். மேலுறையை உதறிட்டு வெண்குள்ளனா, அதாவது மிச்சமிருக்கற சின்ன மையமா அடங்கிடும். திருவாதிரை 15 மடங்குக்கு மேல, அதனால அதுக்கு வெடிப்புதான் முடிவு.

கார்த்தி: 2020ல அவ்வளவு மங்கிச்சே, அது அறிகுறி இல்லையா?

கவிதா அத்தை: இல்ல. வழக்கமா 0.5 பக்கம் இருக்கறது பிப்ரவரி 2020ல 1.6 வரைக்கும் இறங்கிச்சு. 2019லேயே மேற்பரப்புல இருந்து ஒரு வாயுத்திரள் வெளிய பாய்ஞ்சு, குளிர்ந்து தூசியாகி நம்ம பார்வையை மறைச்சுது. எல்லாம் மேலுறைச் சமாச்சாரம். மையத்துல ஹீலியம் இன்னும் எரியுதுங்கறதுதான் பெரும்பாலானவங்க கணக்கு. அப்புறம் கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான். கடைசிச் சிலிக்கான் சில நாள்ல தீர்ந்துடும், அதுக்குள்ள அவ்வளவு பெரிய மேலுறைக்குச் சேதியே போய்ச் சேராது.

சேகர் சித்தப்பா: முன்கூட்டிச் சொல்றது நியூட்ரினோதான், மையத்துல இருந்து எதுலயும் தடைபடாம வெளிய வர்ற நுண்துகள். 1987 பிப்ரவரி 23ல மெகல்லன் மேகம்ங்கற பக்கத்து விண்மீன் மண்டலத்துல நடந்த நட்சத்திர வெடிப்புக்கு, ஒளிக்குச் சில மணி நேரம் முன்னாடியே நியூட்ரினோ வந்துடுச்சு.

கார்த்தி: சரி. நோட்டுல என்னென்ன எழுதணும்?

கவிதா அத்தை: தேதி, மணி, ஒப்பிட்ட ரெண்டு மீன், நிலா இருந்துச்சா, பனிமூட்டமான்னு. ஆப்ல இருக்கற எண்ணை அதுக்கப்புறம்தான் திறந்து பார்க்கணும், சரியா?

கார்த்தி: 🙈 இன்னைக்கு முதல்ல ஆப்தான் பார்த்தேன்