விண்வெளிப் பங்கு: ராக்கெட்டோ கலமோ சொதப்பிய பிறகும் விற்காமல் வைத்திருந்தவர்கள் இருக்கிறீர்களா?

கத்தரிவெயில்:
நிலவில் இறங்கும் கலங்களைச் செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்ட்யூட்டிவ் மெஷின்ஸின் பங்கு வைத்திருந்தவர்களுக்குக் கதை தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் அவர்களுடைய ஒடிசியஸ் கலம் நிலவில் இறங்கியபோது நம் ஊரில் விடியற்காலை ஐந்தாகப் போகிறது. கொஞ்ச நேரம் சிக்னலே இல்லை. அப்புறம் ‘நிமிர்ந்து நிற்கிறது, தரவு வருகிறது’ என்று நிறுவனமே அறிவித்தது. அன்று பூராவும் எனக்குக் கால் தரையில் இல்லை, பங்கும் ஏறியது. அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு செய்தியாளர் கூட்டம். தலைவர் ஸ்டீவ் ஆல்ட்டிமஸ் கலத்தின் குட்டி மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து, இப்படித்தான் கிடக்கிறது என்று பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார். அவ்வளவுதான். ஒரு பொம்மையைச் சாய்த்ததில் 30 சதவீதம் போல விலை சரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது, என் புரோக்கர் ஆப்பில் அந்த நேரத்தில் விற்க வழி கிடையாது. சனி, ஞாயிறு முழுக்க அந்தச் சாய்ந்த பொம்மைதான் மனசுக்குள்.

திங்கள் இரவு எட்டு மணிக்குச் சந்தை திறந்தது, ஆனாலும் விற்கவில்லை. ஏனென்றால் காரணம் அதற்குள் வெளியே வந்திருந்தது. உயரம் அளக்கும் லேசரின் பாதுகாப்பு சுவிட்சை ஏவுவதற்கு முன் விடுவிக்க மறந்துவிட்டார்களாம். இதையா இரண்டாவது தடவையும் மறப்பார்கள் என்று நினைத்தேன். செப்டம்பரில் நாசா 482 கோடி டாலர் வரைக்குமான தகவல்தொடர்பு ஒப்பந்தத்தைக் கொடுத்ததும் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

பிறகு அவர்களுடைய இரண்டாவது கலம் அதீனா. 2025 மார்ச் 6, இரவு பதினொரு மணி, இந்த முறை சந்தை திறந்திருக்கும் நேரம். ஒரு பக்கம் நேரலை, இன்னொரு பக்கம் விலை. ‘கலம் எந்த வாக்கில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றார்கள். வாக்கு என்ன வாக்கு, மறுபடியும் படுத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குறித்த இடத்திலிருந்து சுமார் 250 மீட்டர் தள்ளி, ஒரு பள்ளத்துக்குள். மறுபடியும் அதே லேசர் உயரமானியில்தான் சிக்கல், இந்தத் தடவை சுவிட்ச் இல்லை, அதன் அளவீட்டுச் சிக்னலில் குறுக்கீடு. மறுநாளே பேட்டரி தீர்ந்து திட்டம் முடிந்தது. பங்கு இன்னும் கையில்தான் இருக்கிறது.

குரோய்டன்வாசி:
நீங்கள் அதிர்ஷ்டசாலி, உங்களுக்கு விற்கவாவது ஒரு விலை இருந்தது. நான் வைத்திருந்தது விமானத்திலிருந்து ராக்கெட் ஏவும் வர்ஜின் ஆர்பிட் நிறுவனத்தின் பங்கு. 2023 ஜனவரி 9 இரவு, இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து போயிங் 747 கிளம்பி, அதன் இறக்கைக்கு அடியில் இருந்த ராக்கெட் பிரிந்து போனது. சுற்றுப்பாதையை அடைந்துவிட்டது என்று ட்வீட் வந்தது. தேநீர் போட எழுந்து போய்த் திரும்பினால், ‘ஏதோ கோளாறு’. எரிபொருள் வழியில் ஒரு வடிகட்டி இடம் பெயர்ந்திருந்ததாம், நூறு டாலர் போலப் பெறுமதியான பொருள் என்று தலைவரே சொன்னார். ஏப்ரலில் திவால். எங்களைப் போன்ற பங்குதாரர்களுக்குப் பூஜ்யம்.

ஆடிட்டர்_பார்வை:
கத்தரிவெயில் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுவிட்ச் மறந்ததைச் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொண்டார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். புதுத் தொழில்நுட்பம் தோற்றால் மன்னிக்கலாம், சரிபார்ப்புப் பட்டியல் தோற்றால் அது நிறுவனத்தின் பழக்கம். நானும் ஒரு சிறு ராக்கெட் நிறுவனப் பங்கு வைத்திருந்தேன், கோளாறு வந்த மறுநாளே விற்றுவிட்டேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே எல்லாரும் காணொளி பார்க்கிறீர்களே தவிர, காலாண்டு அறிக்கையில் கையிருப்புப் பணம் எவ்வளவு, காலாண்டுக்கு எவ்வளவு எரிகிறது என்று பார்ப்பதே இல்லை. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். நாலு காலாண்டு தாங்காது என்றால் கலம் நிமிர்ந்து நின்றாலும் புதுப் பங்கு விற்பார்கள், நிறுவனத்தில் நம் பங்கின் விகிதம் குறைந்து நீர்த்துப்போகும். 2024 டிசம்பரில் இன்ட்யூட்டிவ் மெஷின்ஸ் 10.50 டாலருக்குப் புதுப் பங்குகள் விற்றதே, அப்போது கலம் எதுவும் கவிழவில்லையே. அப்புறம், இறங்க இறங்க வாங்கிச் சராசரியைக் குறைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். தரையிறங்கும் நாளுக்கு முன்பே பாதியை விற்றுவிடுங்கள். இன்னொன்று, இந்தியாவில் இருப்பவர்கள் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்புங்கள். அதற்கு நிதியாண்டு அல்ல, டிசம்பர் 31-ல் முடியும் ஆண்டுதான் கணக்கு. நட்டத்தில் இருந்தாலும் காட்ட வேண்டும். பாதிப் பேர் காட்டுவதில்லை.

மஹியாக்கரை:
ஆடிட்டர் சார், மறுநாளே விற்றதை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறீர்களே. நான் வைத்திருந்த ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் ராக்கெட் 2023 செப்டம்பர் 19-ல் தோற்றது, 41-வது பயணம். முதல் நிலை, அதாவது ராக்கெட்டின் கீழ்ப்பகுதி, பிரியும் வரை எல்லாம் சரி, பிரிந்த கையோடு திரையில் வேக எண் ஏறாமல் இறங்க ஆரம்பித்தது, வர்ணனையாளர் வாயடைத்துப் போனார். இரண்டாம் நிலையின் மின்சாரப் பகுதியில் மின்பொறி பாய்ந்திருக்கிறது. காற்று ஏறக்குறைய இல்லாத ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் மட்டும் வரக்கூடிய சங்கதி, தரையில் வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். காரணத்தைச் சொல்லி, சோதனையை மாற்றி, டிசம்பரிலேயே மறுபடி பறந்தார்கள். அடுத்த ஏப்ரலில் நாலு டாலருக்கும் கீழே கிடந்த பங்கு அந்த ஆண்டு முடிவில் இருபதைத் தாண்டியிருந்தது. நான் இடையில் கொஞ்சம் விற்றேன், அது வேறு வயிற்றெரிச்சல். குரோய்டன்வாசிக்கு ஒரு தகவல்: உங்கள் வர்ஜின் ஆர்பிட்டின் லாங் பீச் ஆலையையும் இயந்திரங்களையும் திவால் ஏலத்தில் 1.61 கோடி டாலருக்கு வாங்கியது இதே ராக்கெட் லேப்தான்.

குரோய்டன்வாசி:
தெரியும், செய்தி வந்த அன்றே வாசித்தேன், இன்னொரு தரம் ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. ஆடிட்டர் ஐயா, நான் வரி கட்டுவது லண்டனில், உங்கள் அட்டவணை எனக்கு எதற்கு? பெறுமதி பூஜ்யமான பங்கை நட்டமாகக் கோர இங்கே வேறு வழி இருக்கிறது. அதை யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.