67-ஐ ஜெயித்தது மேடையா, கூட்டணியா?

காஞ்சிக்காரன்:
கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஆரம்பித்த சண்டை இது. கை கழுவும்போதும் முடியவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

பேச்சு வரலாற்றை மாற்றுமா? மாற்றும். 1967-ல் தமிழ்நாட்டில் நடந்த ஆட்சி மாற்றத்துக்கு மேடைதான் காரணம் என்பது என் கட்சி. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் அண்ணா பேசினார். கையில் பணமும் இல்லை, பெரிய பத்திரிகையும் இல்லை. பதினெட்டே வருடத்தில் கோட்டைக்குப் போய்விட்டார். திமுகவுக்கு 1957-ல் 15 இடம், 62-ல் 50, 67-ல் 137. நடுவில் மைக்கைத் தவிர வேறு என்ன இருந்தது? என் மச்சான் "அரிசி" என்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மச்சானுக்கு என் ஓட்டு. ஆனால் அவரும் பாதிதான் சொன்னார்.

இடங்களை எண்ணாதீர்கள், வாக்கை எண்ணுங்கள். 1962-ல் காங்கிரஸ் வாங்கியது 46 சதவீதம், 67-ல் 41. ஐந்து புள்ளிதான் சரிந்தது. ஜெயித்த திமுக வாங்கியது 40.7. தோற்றவர் ஜெயித்தவரைவிட ஒரு நூல் அதிகம்! எந்தப் பேச்சில் யார் மயங்கினார்கள்?

நடந்தது இதுதான். 62-ல் எதிர்க்கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 67-ல் ராஜாஜியின் சுதந்திராவும் மார்க்சிஸ்டும் முஸ்லிம் லீக்கும் ஒரே அணி. ராஜாஜியையும் கம்யூனிஸ்டையும் ஒரே பக்கம் உட்கார வைத்தது அடுக்குமொழி இல்லை, தொகுதிப் பங்கீடு. அதன் மேல் 65, 66 வருடங்களின் அரிசித் தட்டுப்பாடு. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார்கள். வரிசையில் நின்றவனுக்கு அதற்கு மேல் இலக்கியம் தேவையில்லை.

காஞ்சிக்காரன்:
கணக்கு ஐயா, உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. திமுக கூட்டணிக்கு விட்டுக்கொடுத்தது போக நூற்று எழுபத்துச் சொச்சத்தில்தான் நின்றது. அதில் 40.7 என்றால் என்ன அர்த்தம்? 62-ல் 27. அந்தப் பதிமூன்று புள்ளியை ராஜாஜியா கொண்டுவந்து கொட்டினார்?

இன்னொன்று. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்பது என்னவாம், கோணிப்பையா? அதுவும் பேச்சுதானே! பசியை எல்லாரும் பார்த்தார்கள். அதை ஆறு சொல்லில் வாயில் போட்டுத் தந்தது யார்?

வரலாறு டீச்சர்:
இருவருக்கும் வணக்கம். பேச்சின் வலிமை பற்றிப் பேசுவதற்கு முன், எது பேசப்பட்டது என்று பார்த்துவிடலாமா? வகுப்பில் நான் படும் பாடு இது.

இந்தி எதிர்ப்புக்கு எல்லாரும் எடுத்துப் போடும் மேற்கோள்: "எண்ணிக்கைதான் அளவு என்றால் எலிதானே தேசிய விலங்கு, ஏன் புலி? காகம்தானே தேசியப் பறவை, ஏன் மயில்?" அண்ணா கேட்டது என்பார்கள். மயில் தேசியப் பறவையானது 1963-ல், அது பொருந்துகிறது. புலி தேசிய விலங்கானது 1970-களில்தான், அதுவரை சிங்கம். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. ஆக, இன்று பகிரப்படும் வடிவத்தில் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை" கதையும் அப்படியே. ஒவ்வொரு ஊர்க்காரரும் எங்கள் ஊரில்தான் சொன்னார் என்பார்.

அதைவிட முக்கியம் 1962 மாநிலங்களவைப் பேச்சு. "நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன்" என்று ஆரம்பித்து சுயநிர்ணய உரிமை கேட்டது. அவருடைய பேச்சுகளில் மிகப் புகழ்பெற்றது அதுதான். பேசியது டெல்லியில், ஆங்கிலத்தில். காஞ்சிபுரத்தில் தோற்றுப்போன அதே வருடம்! அந்தக் கோரிக்கை என்ன ஆனது? சீனப் போர் வந்தது, 1963-ல் பிரிவினை கேட்பதைத் தடுக்கும் பதினாறாவது திருத்தம் வந்தது, கட்சியே திராவிட நாட்டைக் கைவிட்டது. ஒரே வருடம். வரலாற்றை மாற்றிய பேச்சு என்று இதைத்தான் காட்டப்போகிறோமா?

காஞ்சிக்காரன்:
புலி விஷயம் எனக்குப் புதுசு டீச்சர், தோற்றேன். என் மகளிடம் நூறு தரம் சொல்லியிருக்கிறேன், இனி எப்படி முழிப்பேனோ.

ஆனால் பதினாறாவது திருத்தத்தை நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். அரசியல் சாசனத்தைத் திருத்தித்தான் ஒரு பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது என்றால், அந்தப் பேச்சுக்கு எவ்வளவு எடை?

விருதுநகர் வெயில்:
எங்க ஊரை விட்டுட்டு 67-ஐப் பேசுறீங்களே அண்ணாச்சி. காமராஜர் தோத்தது எங்க ஊர்லதான். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. ஜெயிச்சவர் பெ. சீனிவாசன், இருபத்தெட்டு வயசு, மாணவர் தலைவரு.

காமராஜருக்கு மேடைப்பேச்சே வராது. "ஆகட்டும், பார்க்கலாம்" அவ்வளவுதான். ஆனா ஒன்பது வருஷம் ஆண்டாரு. பள்ளிக்கூடம் தொறந்தாரு, மதியச் சாப்பாடு போட்டாரு. பேசாத மனுஷன் பண்ணினதை எந்தப் பேச்சு பண்ணிச்சு? அந்தத் தேர்தல்ல அடிபட்டுக் கெடந்தப்ப "படுத்துக்கிட்டே ஜெயிப்பேன்"னு அவரு சொன்னதா இன்னைக்கும் எங்க டீக்கடையில சொல்வாங்க. அது மட்டும் நெசம்னா, அவரு பேசின ஒரே வசனம் அவருக்கே ஆப்பு வச்சுருச்சு.

கணக்குப்பிள்ளை:
வெயில் அண்ணன் என் வேலையை முடித்துவிட்டார். சீனிவாசன் எங்கிருந்து வந்தார்? 65 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து. அதை யார் நடத்தியது? மாணவர்கள். ஜனவரி 25-ல் மதுரையில் ஊர்வலம் போனவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல் வந்தது, தீ மாநிலம் முழுக்கப் பரவியது. ஜனவரி 26-ஐத் துக்க நாளாக அறிவித்த அண்ணா கைதாகியிருந்தார். பிறகு நிறுத்தச் சொன்னபோதும் மாணவர்கள் உடனே கேட்கவில்லை. அரசுக் கணக்கிலேயே எழுபது பேர் அளவில் செத்தார்கள். வரலாறு அங்கே திரும்பியது, மேடையில் இல்லை.

ஒரு பேச்சு வேலை செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி 11 இரவு லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசியது. ஆங்கிலம் தொடரும் என்று நேரு தந்த உறுதியைக் காப்பேன் என்றார். அலங்காரமே இல்லாத பேச்சு. யாருக்காவது ஒரு வரி மனப்பாடமாகத் தெரியுமா?

காஞ்சிக்காரன்:
நிறுத்து என்றபோது கேட்கவில்லை, சரி. எழு என்று பதினைந்து வருடம் சொன்னதைக் கேட்டார்களே! கல்லூரிப் பையனுக்கு மொழி உயிருக்குச் சமம் என்று தோன்றியது தண்ணீர்ப் பானையிலிருந்தா?

மைக்செட் மாரி:
பெரியவங்க பேசுற இடம், கொஞ்சம் குறுக்க வர்றேன். எங்க அப்பா மைக்செட் வச்சிருந்தவர். அவர் சொன்னதுதான், நான் பார்த்ததில்லை.

நீங்க எல்லாரும் அண்ணாவையே சுத்திச் சுத்தி வர்றீங்க. அண்ணா எத்தனை ஊருக்கு வருவாரு? எங்க ஊருக்கு வந்ததே இல்லை. வந்தவங்க யாருன்னா, பக்கத்து ஊர் தையல்காரர் ஒருத்தர், பள்ளிக்கூடத்துல பாதியில நின்ன ஒரு பையன். படிப்பகத்துல பேப்பரைச் சத்தமா வாசிச்சு வாசிச்சுப் பழகினவங்க. கூட்டுவண்டியில பேட்டரி ஏத்திட்டுப் போய், புளியமரத்துல ஏறி ரெண்டு பக்கமும் குழாய் கட்டுவாராம் அப்பா. குழாய் வாய் ஊரைப் பார்த்து இருக்கக் கூடாது, காத்து போற பக்கம் பார்த்து இருக்கணும், அப்பத்தான் அடுத்த ஊருக்கும் கேக்கும்னு தையல்காரரே சொல்லிக் கொடுத்தாராம். ஜனங்க கோரைப்பாயோட வந்து உக்காருவாங்க. அந்த ஆளு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் தூய தமிழ்லயே பேசுவாராம். பாதி புரியாது. ஆனா எங்க பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவங்க, "நம்ம தையக்காரன் வாயில கோயில் தமிழ் வருதுடா"ன்னாங்களாம். அதுக்கப்புறம் தெருவுல அந்த ஆளை யாரும் "டேய்"னு கூப்பிடலை.

இது ஓட்டா மாறிச்சா கூட்டணியா மாறிச்சா, எனக்குக் கணக்கு தெரியாது.

வரலாறு டீச்சர்:
மாரி, இதை எங்காவது எழுதி வையுங்கள். அந்த "டேய்" நின்றது எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. நான் கேட்ட கேள்வி தப்பு என்று இப்போது தோன்றுகிறது. எந்தப் பேச்சு என்று கேட்டேன். யார் பேசினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
டீச்சர் கட்சி மாறிவிட்டார். நான் மாறவில்லை. தையல்காரர் 62-லும் பேசினார்தானே? அப்போது ஏன் 50 இடம்? தனித்தனியாக நின்றதால். அவ்வளவுதான். மூன்று படியும் வரவில்லை என்பதையும் யாராவது சொல்லுங்கள். ஜெயித்த பிறகு ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும்தான் ஆரம்பித்தார்கள், அதையும் கஜானா தாங்கவில்லை.

மாரிக்கு ஒரு கேள்வி: காங்கிரஸ் கூட்டத்துக்கு யார் மைக் கட்டினார்கள்?

மைக்செட் மாரி:
எங்க அப்பாதான் அண்ணே. அந்த வட்டாரத்துல ஒரே செட்டு. அதே மரம், அதே குழாய். ஒரு கட்சிக்காரங்க மட்டும் 67 தேர்தலுக்கு வாடகை பாக்கி வச்சுட்டுப் போயிட்டாங்க, நோட்டுல இன்னும் இருக்கு. எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன், இந்தத் திரியைப் பூட்டிருவாங்க.