கலைச்சொல்: ‘புளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்’ – ‘கூட்டு அறியாமை’ வேண்டாம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நம் கையேட்டுக்கான சமூக உளவியல் சொற்பட்டியலில் மற்றவை ஓரளவு படிந்துவிட்டன. ‘ஆட்டிட்யூட்’டுக்கு மனப்பான்மை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ‘புளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்’ (pluralistic ignorance – பெரும்பாலோர் ஒன்றை உள்ளூர ஏற்காதிருந்தும், மற்றவர்கள் ஏற்பதாகத் தவறாக நினைத்து அதன்படியே நடப்பது) மட்டும் இழுபறியில் நிற்கிறது. வரைவில் ‘கூட்டு அறியாமை’ என்று ஏறியிருக்கிறது. அது அப்படியே அச்சுக்குப் போனால் களத்தில் வேலை செய்கிறவர்களைத் தவறான வழியில் அனுப்பிவிடும் என்று அஞ்சுகிறேன். அதனால்தான் மடல் நீளமாகிறது, பொறுத்தருள்க.

> அகராதியில் ‘இக்னரன்ஸ்’ என்றால் அறியாமை. மூலத்தில் இருப்பதை நாம் ஏன் மாற்ற வேண்டும்?

மதுரை ஐயாவுக்கு: மூலத்தைத் திருத்துவது என் நோக்கமல்ல. 1931இல் டேனியல் காட்ஸும் ஃபிளாய்ட் ஆல்போர்ட்டும் சிராக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்களின் மனப்பான்மைகளை ஆராய்ந்து எழுதியதிலிருந்து இந்தச் சொல் துறையில் வழங்கி வருகிறது. அவர்கள் குறித்தது, ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதை. தமிழில் ‘அறியாமை’ என்று தனியே நிறுத்தினால் அந்தப் பொருள் வருவதில்லை. இருள், கல்லாமை, மூடநம்பிக்கை என்று ஒரு வரிசையே கூட வந்து நிற்கிறது. முன்னால் ‘கூட்டு’ம் சேர்ந்துவிட்டால் ‘ஊரே விவரமில்லாமல் கிடக்கிறது’ என்று ஆகிவிடும்.

கருத்து இதற்கு நேர் எதிரானது. இங்கே ஒவ்வொருவருக்கும் தன் மனம் நன்றாகவே தெரியும். பெரும்பாலோர் மனம் ஒரே பக்கம்தான் சாய்ந்தும் இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் என்று நினைத்து ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனத்தைப் பார்த்து அடுத்தவரும் மூடிக்கொள்கிறார். முக்கால்வாசிப் பேருக்குப் பிடிக்காத ஒரு வழக்கத்தை அந்த முக்கால்வாசிப் பேரே கட்டிக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

சவூதித் தலைநகர் ரியாத்தில் லியோனார்டோ பர்ஸ்டினும் இரண்டு ஆய்வாளர்களும் நடத்தி 2020இல் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். 18 முதல் 35 வயது வரையுள்ள, மணமான ஆண்கள் 500 பேர். ஒரே பகுதிக்காரர்களை 30 பேர் கொண்ட குழுக்களாக உட்காரவைத்தார்கள். பலர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யார் என்ன சொன்னார் என்று வெளியே தெரியாதபடி ஒரு கேள்வி: பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போக அனுமதிக்கலாமா? 100க்கு 80 பேருக்கும் மேல் ஆம் என்றார்கள். அடுத்த கேள்வி: இந்த அறையில் உள்ள மற்ற 29 பேரில் எத்தனை பேர் ஆம் என்று சொல்லியிருப்பார்கள்? ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். தெரிந்த முகங்கள், ஒரே பேட்டை, ஒரே கருத்து. இருந்தும் பக்கத்து நாற்காலிக்காரர் மனம் பிடிபடவில்லை.

பிறகு, பாதிப் பேருக்கு மட்டும் அறையின் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். யாருக்குச் சொல்வது என்பது குலுக்கல்போலத் தற்செயலாக அமைந்தது. அறிவுரை எதுவும் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். கடைசியில் எல்லாருக்கும் ஒரு தெரிவு: பரிசு அட்டை வாங்கிக்கொள்ளலாம், அல்லது மனைவியை ஒரு வேலைவாய்ப்புச் சேவையில் பதியலாம். எண்ணிக்கை தெரியாதவர்களில் 100க்கு 23 பேர் பதிந்தார்கள். தெரிந்தவர்களில் 32 பேர். மூன்று முதல் ஐந்து மாதம் கழித்துக் கேட்டபோது, எண்ணிக்கை தெரிந்தவர்களின் மனைவியரே வெளிவேலைக்கு அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள், நேர்காணலுக்கும் அதிகமாகப் போயிருந்தார்கள்.

இதற்கு ‘அறியாமை’ என்று பெயர் வைத்தால் நம் பக்கம் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அறியாமை என்றால் மருந்து விழிப்புணர்வு. பேரணி, பதாகை, துண்டறிக்கை, தெருமுனைக் கூட்டம். ‘பெண்களை வேலைக்குப் போக விடாமல் தடுக்காதீர்’ என்ற பதாகையைப் படிக்கிறவர் ஏற்கெனவே தடுக்க விரும்பாதவர். அந்த வாசகம் அவருக்குச் சொல்வதெல்லாம் ‘ஊரில் மற்ற எல்லாரும் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்’ என்பது. அதாவது, எந்தத் தவறான எண்ணத்தைக் களைய வேண்டுமோ அதற்கே நாம் உரம் போடுகிறோம். ஒரு சொல்லைப் பற்றி நான் இவ்வளவு வாதாடுவது இதற்காகத்தான். கையேட்டைப் படிக்கப் போகிறவர்கள் சுகாதாரப் பணியாளர்கள், மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர்கள், ஆசிரியர்கள். தலைப்பில் இருக்கும் சொல்லிலிருந்துதான் அவர்கள் வேலையைத் தொடங்குவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே குடிப்பழக்கத்தை ஆராய்ந்த டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் 1993இல் எழுதியது இது: தனக்கு இருக்கும் தயக்கம் மற்றவர்களுக்கு இல்லை என்றே மாணவர்கள் நினைத்தார்கள். அதைத் தொடர்ந்து 1998இல் வந்த ஆய்வில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் ஒரு சாராரிடம் தன்னளவில் பொறுப்பாகக் குடிப்பது பற்றிப் பேசினார்கள். மற்றொரு சாராரிடம், ‘எல்லாரும் மற்றவர் மனத்தை இப்படித்தான் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்ற இந்தக் கருத்தையே எடுத்துவைத்துக் கலந்துரையாடினார்கள். சில மாதங்களுக்குப் பின் குறைவாகக் குடித்தவர்கள் இரண்டாம் சாரார். ஆக, கருத்தை மக்களிடம் விளக்குவதே இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அப்படியென்றால் நம் சொல், யாரைப் பற்றியதோ அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘உங்களுக்குக் கூட்டு அறியாமை’ என்று எந்த ஊர்க் கூட்டத்தில் சொல்ல முடியும்?

இனி, வந்த பரிந்துரைகள். ‘பன்மை அறியாமை’யில் பன்மை இலக்கணத்துக்கு இழுக்கிறது. ‘மௌனப் பெரும்பான்மை’ அரசியல் மேடைக்குப் போய்விட்ட சொல். கோவை அக்கா சொன்ன ‘ஊர்மன மயக்கம்’ அழகானது. திணைமயக்கம்போல ஒன்று மற்றொன்றோடு கலப்பதை மயக்கம் என்பது நம் மரபுதான். ஆனாலும் மயக்கம் எப்படித் தெளியும் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. அதனால் போன மடலில் வைத்த ‘ஊர்மனத் தப்புக்கணக்கு’ என்பதையே திரும்ப முன்வைக்கிறேன். ஒருவரைத் தவறாக எடைபோட்டால் ‘தப்புக்கணக்கு போட்டுவிட்டார்’ என்றுதான் சொல்கிறோம். கணக்கு தப்பினால் திருத்தலாம், அதில் யாருக்கும் அவமானமில்லை. ரியாத்தில் செய்ததும் அதுதானே: சரியான எண்ணிக்கையைக் காட்டினார்கள்.

> ‘தப்புக்கணக்கு’ பேச்சு வழக்கு. ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

எழுதிப் பார்த்துவிடுவோம். ‘வரதட்சணை குறித்து இவ்வூரில் ஊர்மனத் தப்புக்கணக்கு நிலவுகிறதா என்று அறிய, ஒவ்வொருவரின் சொந்தக் கருத்தும் பிறர் கருத்து பற்றிய மதிப்பீடும் தனித்தனியே கேட்கப்பட்டன.’ எனக்கு உறுத்தவில்லை. இன்னும் கட்டுக்கோப்பு வேண்டும் என்பவர்கள் ‘ஊர்மனப் பிழைக்கணிப்பு’ என்று எழுதட்டும். இரண்டையும் சொற்பட்டியல் பதிவில் தரலாம். முதன்மைச் சொல்லாகப் பேச்சு வழக்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

> ‘ஊர்’ எண்டால் எங்கட பக்கம் பிறந்த இடம். ‘சனம் என்ன சொல்லும்’ எண்டுதான் நாங்கள் கதைக்கிறது.

யாழ்ப்பாண நண்பர் சொல்வது முக்கியமானது. ‘ஊர் என்ன சொல்லும்’ என்று சென்னை அடுக்ககத்தில் இருப்பவரும் சொல்வதால், தமிழ்நாட்டில் ‘ஊர்’ கிராமத்தோடு நின்றுவிடவில்லை. அலுவலகம், கல்லூரி விடுதி, சங்கம் எல்லாமே அதில் அடங்கும். இலங்கைப் பதிப்பில் ‘சனமனத் தப்புக்கணக்கு’ என்று வைத்தால் காதுக்கு எப்படி இருக்கிறது? இரண்டு ‘ன’கரம் நெருக்கமாக வருவது என் நாக்குக்குக் கொஞ்சம் இடறுகிறது. ஆனால் தீர்ப்பு அந்தப் பக்கத்து நண்பர்களுடையது.

பதிவில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் வேண்டும். ஊருக்குப் பயந்து தொடரும் வழக்கம் எல்லாம் தப்புக்கணக்கு ஆகாது. செனகல் நாட்டின் மாலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் 1997இல் பெண்ணுறுப்புச் சிதைப்பைக் கைவிடுவதாக எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார்கள். அங்கே ‘என் மகளுக்கு மட்டும் செய்யாமல் விட்டால் மாப்பிள்ளை கிடைக்காது’ என்ற அச்சம் வெறும் பிரமை அல்ல. மற்றவர்கள் விடாதவரை அது மெய்யான கணக்கு. பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் சேர்ந்து கைவிட்டால்தான் கணக்கே மாறும். அங்கே எண்ணிக்கையைக் காட்டுவதோடு நில்லாமல் ஒரே நேரத்தில் உறுதிமொழியும் தேவைப்படுகிறது. சீனத்தில் பெண்களின் பாதத்தைக் கட்டும் வழக்கம் ஒழிந்தபோதும், ‘மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டோம்’ என்று சங்கம் வைத்து உறுதி கூறிய குடும்பங்கள் பெரும் பங்காற்றின. இதற்குத் தனிச்சொல் வேண்டும். தப்புக்கணக்கோடு குழப்பக் கூடாது.

அதுபோலவே, பெரும்பான்மை உண்மையிலேயே தவறான பக்கம் இருந்தால் எண்ணிக்கையைக் காட்டுவது வினையாகிவிடும். கலிஃபோர்னியாவின் சான் மார்க்கோஸ் நகரில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்தின் சராசரி மின்செலவைத் தெரிவித்தார்கள். 2007இல் வெளியான முடிவு: அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்களோ கூட்டிவிட்டார்கள். சிக்கனக்காரர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து பாராட்டியபோது அந்த ஏற்றம் நின்றது.

பதிவுக்கான வரைவு:

ஊர்மனத் தப்புக்கணக்கு (பெயர்ச்சொல், மாற்று: ஊர்மனப் பிழைக்கணிப்பு) – ஒரு வழக்கத்தையோ கருத்தையோ குழுவில் பெரும்பாலோர் உள்ளூர ஏற்காதிருந்தும், மற்றவர்கள் ஏற்பதாக ஒவ்வொருவரும் தவறாக நினைத்து, அதன்படியே வெளியில் நடந்துகொள்ளும் நிலை. வினை: ஊர்மனத்தைத் தப்பாகக் கணக்கிடு. குறிப்பு: சொந்தக் கருத்தையும் பிறர் பற்றிய மதிப்பீட்டையும் தனித்தனியே கேட்டு உறுதி செய்த பிறகே இச்சொல்லைப் பயன்படுத்துக.

‘எல்லாரும் என்னைப்போலவே நினைக்கிறார்கள்’ என்று எண்ணும் எதிர்வகைப் பிழைக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘தன்மனத் தப்புக்கணக்கு’ என்று இணையாக வைக்கலாமா என்று பார்த்தேன். தன் மனத்தையே தவறாகக் கணக்கிட்டதாகப் பொருள்பட்டுவிடுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். வரைவில் திருத்தம் இருப்பவர்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்பில் இருப்பவன்