திருமண வீடியோ எடிட்டிங்குக்காக ஆர்டிஎக்ஸ் 5090 வாங்கலாமா?

கரந்தை ஸ்டூடியோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் சிறிய அளவில் திருமண வீடியோ ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். இரண்டு சோனி ஏ7 மார்க் 4 கேமராக்களில் 4கே, 10 பிட், 4:2:2 வடிவத்தில் (நிறத் தகவல் கூடுதலாக இருக்கும் வடிவம்) பதிவு செய்து, டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ 19இல் எடிட் செய்கிறோம். கணினியில் ரைசன் 9 5900எக்ஸ், 64 ஜிபி ராம், 10 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, 850 வாட் பவர் சப்ளை ஆகியவை இருக்கின்றன.

எங்களுக்கு இரண்டு இடங்களில் சிக்கல். முகூர்த்தக் காட்சியில் இரு கேமராக்களின் பதிவையும் ஒன்றாக டைம்லைனில் ஓடவிட்டால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது. தாலி கட்டும் நொடியில் எந்தக் கோணத்துக்கு மாறுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் இரவு முழுவதும் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான எளிய, சிறிய நகல் வீடியோ) உருவாக்கிவிட்டு மறுநாள் தான் வேலையைத் தொடங்குகிறோம். அடுத்ததாக, வெளிச்சம் குறைந்த மண்டபங்களில் எடுத்த வரவேற்புக் காட்சிகளுக்கு, படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால், கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கையோடு ரெண்டர் (இறுதி வீடியோவை உருவாக்கும் வேலை) நின்றுவிடுகிறது.

என் மைத்துனரும் இப்போது எங்களுடன் சேர்ந்து, மண்டபத்து எல்இடி திரைகளுக்காகப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பெயர் அனிமேஷன்கள் செய்கிறார். புதிய ஆர்டிஎக்ஸ் 5090 கார்டை வாங்கினால் எல்லாச் சிக்கலும் ஒரேயடியாகத் தீரும் என்கிறார். என்விடியா அறிவித்த தொடக்க விலை 2,14,000 ரூபாயாக இருந்தாலும், கடைக்காரர் வரியுடன் 2,90,000 சொல்கிறார். அதே வரிசையில் சிறிய கார்டான 5070 டிஐ என்றால் 85,000. ஆடியில் முகூர்த்தங்கள் இல்லை என்பதால் அந்த மாதத்திலேயே கணினியை மாற்றியமைத்து, ஆவணிக்குத் தயாராகிவிட வேண்டும் என்று எண்ணுகிறேன். 5090க்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

நிறச்சீரமைப்பாளர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் இரண்டு சிக்கல்களும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால், எந்தக் கார்டு வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

படம் விட்டுவிட்டு ஓடுவதற்கு உங்கள் 3080 வலுவற்றது என்பது காரணமன்று. ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டிலும், சுருக்கப்பட்ட வீடியோவைப் பிரித்தெடுப்பதற்கென்றே டிகோடர் என்ற தனிப் பகுதி உண்டு. 3080இல் உள்ள டிகோடர், எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில், நிறத் தகவல் குறைவான 4:2:0 வகையைக் கையாளும். 4:2:2 வகையை அதனால் தொடவே முடியாது. 2022இல் வந்த 4090க்கும் இதே குறை உண்டு. ஆகவே அந்தப் பளு முழுவதும் உங்கள் ரைசன் புராசசரின் தலையில் விழுகிறது. 4:2:2 பதிவைப் பிரிக்கும் திறன் 50 வரிசையில் தான் என்விடியா கார்டுகளுக்கு வந்து சேர்ந்தது. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் திறன் 5090க்கு மட்டும் உரியதன்று. 5070, 5070 டிஐ, 5080 ஆகிய எல்லாவற்றிலும் இருக்கிறது. எண்ணிக்கையில் தான் வேறுபாடு: 5090இலும் 5080இலும் இரண்டு டிகோடர்கள், 5070 டிஐயில் ஒன்று. இந்தத் திறனைப் பயன்படுத்திக்கொள்ள ரிசால்வ் ஸ்டூடியோ 20க்கு மாற வேண்டியிருக்கும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், இடப்பக்கம் ஜிபியுவைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள வரைபடங்களில் ஒன்றை 'வீடியோ டிகோட்' என்று மாற்றிவிட்டு, முகூர்த்த டைம்லைனை ஓடவிடுங்கள். டிகோட் கோடு தரையோடு கிடந்து, சிபியு மட்டும் உச்சத்துக்குப் போனால், நான் சொல்வது உறுதியாகும். பிறகு நாய்ஸ் ரிடக்‌ஷன் உள்ள காட்சியை ரெண்டர் செய்தபடி, அதே பக்கத்தில் கீழே வரும் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 10 ஜிபியை நெருங்கிய நிலையில் ரெண்டர் நின்றால், உங்களுக்குத் தேவைப்படுவது நினைவகம். டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் முன்னும் பின்னும் உள்ள பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதால், 4கே டைம்லைனில் 10 ஜிபி விரைவில் தீர்ந்துவிடுகிறது. உங்கள் வகை வேலைக்கு 16 ஜிபி போதும் என்பது என் கருத்து.

கோவை முப்பரிமாணம் எழுதியது:

கட்டட வடிவமைப்புக் காட்சிகளைப் பிளெண்டரில் ரெண்டர் செய்வது என் தொழில். 5090ஐ நாள்தோறும் பயன்படுத்துகிறேன். மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்டு, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

5090 உண்மையிலேயே பெரிய கார்டு. 21,760 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 512 பிட் அகலப் பாதையில் 32 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகம், நொடிக்கு 1,792 ஜிபி தரவு வேகம். 5070 டிஐயில் 8,960 கோர்கள் தான். மரம், செடி, புல் என்று நிறைந்த என் காட்சிகள் 16 ஜிபியில் அடங்குவதில்லை. அப்படி அடங்காதபோது தரவு கணினியின் ராமுக்குத் தாவி வேகம் அடியோடு சரியும், அல்லது ரெண்டரே நின்றுவிடும். எனக்கு அந்த 32 ஜிபி இன்றியமையாதது. ஆனால் பெயர் எழுத்துகளும் பூக்களும் ஒளித்துகள்களும் கொண்ட அனிமேஷன்களுக்கு அந்த அளவு தேவைப்படுமா என்பது ஐயமே. உங்கள் மைத்துனரை, அவர் செய்ததிலேயே கனமான காட்சியை ஒருமுறை ரெண்டர் செய்யச் சொல்லி, உச்ச நினைவக அளவாகப் பிளெண்டர் காட்டும் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்குவதாகவே முடிவு செய்தால், செலவு கார்டோடு நிற்காது. அதன் மின்தேவை 575 வாட். என்விடியா பரிந்துரைப்பது 1000 வாட் பவர் சப்ளை. ஆகவே உங்கள் 850 வாட் பவர் சப்ளையை மாற்றியாக வேண்டும். மின்தடைக்காக வைத்திருக்கும் யுபிஎஸ், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 1100 விஏ வகையாக இருந்தால், அது தரக்கூடியது 660 வாட் அளவில் தான். கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். சிறிய எடிட்டிங் அறைக்கு 575 வாட் வெப்பம் என்பதும் சாதாரணமன்று. ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை அந்தக் கார்டு மட்டுமே உண்டாக்கும்.

மின்இணைப்பிலும் மிகுந்த கவனம் வேண்டும். 575 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்கும்போது ஏறக்குறைய 48 ஆம்பியர் மின்னோட்டம் ஆறு சிறிய பின்கள் வழியாகப் பாய்கிறது. பின் ஒன்றுக்கு 8 ஆம்பியர். எல்லாப் பின்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வரை தொல்லையில்லை. ஒன்றிரண்டு சரியாகப் பொருந்தாமல் போனால் மற்றவை அளவுக்கு மீறிச் சூடாகின்றன. 4090 காலத்தில் இந்த வகை இணைப்பிகள் உருகிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். பவர் சப்ளையோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். இணைப்பி இடைவெளியின்றி முழுவதும் உள்ளே போனதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்பியை ஒட்டிக் கேபிளை வளைக்காதீர்கள்.

இன்னொன்று. தொடக்கத்தில் வந்த 5090 கார்டுகளில் சிலவற்றில் 176 ஆர்ஓபிகளுக்குப் (படத்தின் புள்ளிகளை இறுதியாக எழுதும் பகுதிகள்) பதிலாக 168 மட்டுமே இருந்ததை என்விடியாவே ஒப்புக்கொண்டு, அவற்றை மாற்றித் தர ஏற்பாடு செய்தது. எந்தக் கார்டை வாங்கினாலும் முதல் நாளே ஜிபியு-இசட் மென்பொருளில் அந்தக் கார்டுக்கு உரிய ஆர்ஓபி எண்ணிக்கை முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.

பழைய கடைத்தெரு எழுதியது:

யாராவது உங்களிடம் பயன்படுத்திய 4090ஐ வாங்கச் சொல்லக்கூடும். 24 ஜிபி நினைவகம் கவர்ச்சியானது தான். விளையாட்டுக்கு அது இன்றும் 5080ஐ விடச் சிறந்த கார்டு. ஆனாலும் உங்களுடைய முதல் சிக்கலை அது தீர்க்காது என்பது மேலேயே வந்துவிட்டது. தவிர, வாரண்டி மாற்றம், முந்தைய பயன்பாடு பற்றிய தெளிவின்மை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நாள் குறித்து வேலையை ஒப்படைக்க வேண்டிய தொழிலுக்கு அது ஏற்றதன்று.

மல்ட்டி ஃபிரேம் ஜெனரேஷனையும் கணக்கில் கொள்ளாதீர்கள். 5070 கார்டு 4090க்கு நிகர் என்று அறிமுக மேடையில் சொல்லப்பட்டதற்கு அடிப்படையே அது தான். விளையாட்டில் ஃபிரேம்களை இட்டு நிரப்பும் அந்த நுட்பத்தால் உங்கள் ரெண்டர் ஒரு நொடியும் முன்னதாக முடியாது.

வரிக்கணக்கு மீனா எழுதியது:

சகோதரரே, கார்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வாங்கும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்தால், ஸ்டூடியோவின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் பெற்று, 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்துக்கொள்ளலாம். 2,90,000 ரூபாயில் சுமார் 44,200, 85,000இல் சுமார் 12,950 அந்த வகையில் திரும்பும். சிறு தொழில்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் இது கிடையாது. வரவாக எடுத்த வரித்தொகையின் மீது தேய்மானமும் கோரக்கூடாது; மீதித் தொகைக்குக் கணினி வகையில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு. நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்திய சொத்துக்குப் பாதி தான் கிடைக்கும் என்பதால், ஆடியில் வாங்குவது இந்த வகையிலும் நல்லதே.

ஆனால் வரிச்சலுகை கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய கார்டை வாங்காதீர்கள். சலுகை போக மீதியும், கடனுக்கான வட்டியும் உங்கள் கையிலிருந்து தான் போகும். அந்தத் தொகைக்கு ஈடாக ஆண்டுக்கு எத்தனை திருமணங்கள் கூடுதலாக ஏற்க முடியும் என்று பாருங்கள். உங்கள் ஊரில் முகூர்த்த நாட்களும் கேமரா பிடிக்கும் ஆட்களும் தான் அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன்.

கரந்தை ஸ்டூடியோ எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே சோதித்துப் பார்த்தேன். முகூர்த்த டைம்லைன் ஓடும்போது வீடியோ டிகோட் கோடு அசையவே இல்லை. சிபியு நூறு சதவீதத்தைத் தொட்டு நின்றது. நாய்ஸ் ரிடக்‌ஷனில் நினைவகம் 9.6 ஜிபி வரை ஏறிய பிறகு எச்சரிக்கை வந்தது. மைத்துனரின் கனமான காட்சி 7 ஜிபியைத் தாண்டவில்லை. அதை அவரே பார்த்துவிட்டு 5090 பேச்சை விட்டுவிட்டார். 5070 டிஐ பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: ஒரு டிகோடர் போதுமா, அல்லது இரண்டு டிகோடர்களுக்காக 5080க்குப் போக வேண்டுமா?

நிறச்சீரமைப்பாளர் எழுதியது:

இரண்டு கேமராக்களுக்கு ஒரு டிகோடரே போதும். நான்கைந்து கோணங்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு மாற்றும் வழக்கம் வந்தால் தான் இரண்டாவது டிகோடர் உதவும். 5080இலும் நினைவகம் அதே 16 ஜிபி தான் என்பதால், கூடுதல் பணத்துக்கு உங்கள் இரண்டாவது சிக்கலில் எந்த முன்னேற்றமும் இராது. 5070 டிஐக்கு 300 வாட் போதும். பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு 4ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டாலும் அதனால் உணரத்தக்க இழப்பு ஏற்படாது.

ஆனி மாத வேலைகளை எல்லாம் பழைய பதிப்பிலேயே முடித்து ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகே ரிசால்வ் 20க்கு மாறுங்கள். புதிய பதிப்பில் திறந்து சேமித்த புராஜெக்டைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்பதால், மாறுவதற்கு முன் புராஜெக்டுகள் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸை வேறொரு டிரைவில் காப்பு எடுத்துவையுங்கள். கடையில் பில் போடும்போது கார்டின் சீரியல் எண்ணையும் அதில் எழுதச் சொல்லி, பெட்டியில் உள்ள எண்ணோடு அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வாரண்டி கோரும்போது முதலில் கேட்கப்படுவது அது தான்.