டைப்-சி வந்த பிறகு சார்ஜர், கேபிள், இயர்பட்ஸ்: மேஜைக்கு வரும் புகார்களும் காரணங்களும்
(போன் துணைப்பொருள் விற்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் பேசிக்கொள்வது; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மொத்தச் சரக்கு
போன் பெட்டியில் சார்ஜர் வைப்பதை 2020-இல் ஐபோன் 12 நிறுத்தியது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே ஐபோன் 15 டைப்-சிக்கு வந்துவிட்டது. ஆக, சார்ஜரும் கேபிளும் இப்போது தனிச் சரக்கு. கேட்டு வருபவர் சொல்வது ஒரே வார்த்தை: “டைப்-சி”. துளை ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதிப் புகார் அங்கேதான் பிறக்கிறது. உங்களிடம் வருகிற புகார்களைக் காரணத்தோடு எழுதுங்கள்.

சர்வீஸ் மேஜை
முதல் இடம் இதற்குத்தான்: “65 வாட் சார்ஜர் வாங்கினேன், மெதுவாகத்தான் ஏறுகிறது.” மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் கேபிள். சாதாரண சி-டு-சி (இரு முனையும் டைப்-சி) கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் 65 வாட் என்றால் 3.25 ஆம்பியர் வேண்டும். கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் முனைக்குள் இல்லையென்றால் சார்ஜர் 3 ஆம்பியரோடு, அதாவது 60 வாட்டோடு நின்றுவிடும். லேப்டாப்பில் இது பெரிதாகத் தெரியாது. 45 வாட் சாம்சங் போனில் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அதற்கு 5 ஆம்பியர் கேபிள் அவசியம்.

அடுத்தது சார்ஜரில் பிபிஎஸ் உண்டா என்பது. போன் கேட்கிற வோல்ட்டை 20 மில்லிவோல்ட் படிகளாக ஏற்றி இறக்கிக் கொடுக்கும் முறை அது. பெட்டியில் “பிடி” (யூஎஸ்பியின் பொதுவான வேகச் சார்ஜிங் முறை) என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, பின்பக்கப் பொடி எழுத்தில் “பிபிஎஸ் 3.3–11 வோல்ட்” மாதிரி ஒரு வரி இருக்க வேண்டும்.

மூன்றாவது, கம்பெனியின் சொந்த முறை. 67 வாட், 80 வாட் என்று விளம்பரம் செய்யும் பல போன்கள் அந்த வேகத்தைத் தங்கள் சார்ஜரிலும் கேபிளிலும் மட்டுமே காட்டும். வெளிச் சார்ஜரில் செருகினால் பதினைந்து வாட் அளவுக்கு இறங்கும் மாடல்கள் உண்டு. அது சார்ஜரின் குறை அல்ல. விற்கும்போதே சொல்லிவிட்டால் திரும்பி வராது.

சோதிக்க ஒரு யூஎஸ்பி மீட்டர் போதும். பேட்டரி 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். 9 வோல்ட், 2.2 ஆம்பியர் காட்டினால் 20 வாட் போகிறது. 80-ஐத் தாண்டிய பிறகு அளந்து பயனில்லை. போனே குறைத்து வாங்கும்.

பழுது பார்ப்பவர்
ஒன்றைச் சேர்க்கிறேன். “பழைய கேபிளில் ஏறுகிறது, புது சி-டு-சியில் ஏறவே இல்லை” என்று மலிவான இயர்பட்ஸ், டார்ச், சின்ன ஸ்பீக்கர் எல்லாம் வரும். போர்டில் டைப்-சி துளைக்குப் பக்கத்தில் சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்களுக்கும் தலா ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று சார்ஜர் தெரிந்துகொண்டு மின்சாரம் விடும். தயாரிப்பாளர் காசு மிச்சம் பிடிக்க அதை விட்டிருப்பார். ஏ-டு-சி (ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி) கேபிளில் 5 வோல்ட் எப்போதும் வருவதால் அதில் வேலை செய்கிறது. கை நடுங்காதவர்கள் ரெசிஸ்டரைப் பற்றவைத்துச் சரிசெய்யலாம். மற்றவர்களுக்கு ஒரு ஏ-டு-சி கேபிளைக் கொடுத்து அனுப்புவதே மேல்.

காந்தம்
வயர்லெஸ் சார்ஜிங் பக்கம் சூடு என்பதுதான் பேச்சே. பேடின் கம்பிச் சுருளும் போனின் கம்பிச் சுருளும் நேருக்கு நேர் அமையாவிட்டால் போகிற சக்தி வெப்பமாகிறது, போன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 2023-இல் வந்த க்யூஐ2 என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரம் காந்த வளையத்தால் இதைத் தீர்த்தது: 15 வாட், இடமும் தானாகப் பொருந்தும். ஆனால் “க்யூஐ2 ரெடி” என்று விற்கும் போன்களுக்குள் காந்தம் இருக்காது, காந்தக் கவர் வேண்டும். தனியாக ஒட்டும் வளையம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். சில மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் பழைய கதைதான். கார் ஹோல்டருக்காகக் கவருக்குள் இரும்புத் தகடு வைத்திருப்பவர் வயர்லெஸ் பேடில் வைத்தால் தகடு கொதிக்கும். முதலில் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

பேடோடு வரும் அடாப்டரையும் கவனிக்க வேண்டும். 15 வாட் பேடுக்கு 9 வோல்ட் தரும் 20 வாட் பிடி அடாப்டராவது வேண்டும். பழைய 5 வோல்ட் அடாப்டரில் மாட்டிவிட்டுப் பேடைத் திட்டுவது தினசரி நடக்கிறது.

சர்வீஸ் மேஜை
இயர்பட்ஸில் “ஒரு பக்கம் சார்ஜ் ஆகவில்லை” என்றால் பெரும்பாலும் அழுக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பட்ஸின் தொடுபுள்ளியையும் கேஸிலுள்ள ஸ்பிரிங் பின்னையும் துடையுங்கள். ஊசியால் சுரண்டினால் முலாம் போய்விடும், பிறகு பச்சை பிடிக்கும். வெளியில் வாங்கிய தடித்த ரப்பர் முனை போட்டிருந்தால் பட்ஸ் குழியில் முழுதாக உட்காராது. அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐம்பது எம்ஏஎச் அளவில் ஒரு குட்டி செல். அது தேய்ந்துவிட்டால் பல மாடல்களில் மாற்ற வழியே இல்லை. இரண்டாம் கையாக வாங்குவது பற்றி என் கருத்து: வேண்டாம்.

மொத்தச் சரக்கு
திரைக்கு ஒட்டும் காப்புக் கண்ணாடி பற்றி ஒரு வரி. பெட்டியில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கடினத் தரம். மணல் கீறத்தான் செய்யும். வளைந்த திரைக்கு யூவி பசை (புற ஊதா ஒளியில் இறுகும் திரவப் பசை) போடும்போது ஸ்பீக்கர் வலைக்கு டேப் ஒட்டாமல் ஊற்றாதீர்கள். தட்டைத் திரை திரும்பி வருவதால் (2024-இல் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவும் மாறியது) அந்தத் தலைவலி குறைகிறது. கவரும் கண்ணாடியும் மாடலோடு செத்துப்போகும் சரக்கு, கொஞ்சமாக எடுங்கள். சார்ஜரும் கேபிளும் தாங்கும்.

பழுது பார்ப்பவர்
பவர் பேங்க்: 10,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில், அதாவது 37 வாட்-ஹவர். 5 வோல்ட்டுக்கு ஏற்றும் இழப்பு போக ஆறாயிரத்துச் சொச்சம்தான் வெளியே வரும். போன் பேட்டரியின் எண் 5 வோல்ட் கணக்கு அல்ல, அதுவும் ஏறக்குறைய 3.7 வோல்ட் கணக்குதான் என்பதால், 5,000 எம்ஏஎச் போனை ஏறக்குறைய ஒன்றரைத் தடவை நிரப்பும். “ஏமாற்றிவிட்டார்கள்” என்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை, கைப்பையில் மட்டும். இயர்பட்ஸ், வாட்ச் செருகிய கொஞ்ச நேரத்தில் பவர் பேங்க் அணைகிறது என்றால் அது பழுது அல்ல: இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, எதுவும் செருகவில்லை என்று எண்ணி அணைந்துகொள்கிறது. பல மாடல்களில் பொத்தானை இருமுறை தட்டினால் குறைந்த மின்னோட்ட நிலைக்குப் போகும்.